புளியாரைச் சத்தியம்

பையை மடியில் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டாம் சார். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன். கண்டுபிடித்ததைப் பதிவு செய்ய வந்து இந்த பெஞ்சில் உட்காருகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் ஒருவர் வந்தார், அட்டைப் பெட்டியைத் துண்டு போட்டு மூடியிருந்தார். துண்டுக்கு வெளியே கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. தேங்காய் துருவுகிற மெஷின். நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வக்கீலம்மா உள்ளே போனில் இருக்கிறார்கள். இப்போதைக்கு முடியாது. நான் ஒரு பேரைப் பதிவு செய்ய வந்திருக்கிறேன். சரக்கு என்னுடையது, பேர் என்னுடையது இல்லை. பேருக்கு உரியவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாள் இதோ சட்டைப் பையில் இருக்கிறது. உள்ளே போய் நீட்டினால் ஐந்து நிமிட வேலை. இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் அடுத்தவரைப் போகச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

என் பேர் சிவஞானம். முசிறிப் பக்கம். இருபத்திரண்டு வருஷம் மஸ்கட்டில் இருந்தேன். பெரிய கடையில் காய்கறி நறுக்கிப் பாக்கெட் போடுகிற பிரிவுக்கு மேற்பார்வை. காரட், பீன்ஸ், வெங்காயம், எல்லாம் நறுக்கியே விற்பார்கள். நாற்பத்தாறு வயதில் வேலை போயிற்று. போயிற்று என்றால், புதிய ஆள் வந்தான், எனக்கு விருந்து வைத்து அனுப்பினார்கள். கையில் இருந்தது வீடு கட்டியதில் போய்விட்டது. மிச்சம் ஒரு ஷெட் போடுகிற அளவுக்குத்தான்.

எங்கள் பக்கம் காவிரிக் கரை முழுக்க வாழை. தார் வெட்டினதும் மரத்தைச் சாய்த்துப் போட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கிற தண்டு பாதி அழுகும். திருச்சியில் வீட்டுக்கு வீடு வாழைத்தண்டு பிடிக்கும், ஆனால் நறுக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. வட்டம் வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். என் மனைவி வனஜாவே அதைப் பார்த்தால் ஓடுவாள். ஆக, நறுக்கி, நார் எடுத்து, பாக்கெட் போட்டுக் கொடுத்தால்? யாரும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பது பத்தாவது நாள் தெரிந்தது. தண்டு கறுத்துப்போகும் சார். நறுக்கிய கொஞ்ச நேரத்தில் பழுப்பு, மறுநாள் கறுப்பு. வீட்டில் மோரில் போட்டு வைப்பார்கள். நானும் மோர் போட்டேன், எலுமிச்சை போட்டேன், மஸ்கட்டில் போடுகிற பொடியை வரவழைத்துப் போட்டேன். மோர் புளித்து நாறியது. எலுமிச்சை கசந்தது. பொடி போட்டதை ஒரு மெஸ்காரர் வாயில் வைத்துவிட்டு, "என்னங்க, மருந்துக்கடையில வாங்குன வாழைத்தண்டா?" என்று திருப்பி அனுப்பினார்.

ஷெட்டில் நான்கு பெண்கள் வேலைக்கு இருந்தார்கள். மூத்தவர் தங்கப்பொண்ணு. என்னைவிட ஆறேழு வயது பெரியவர். கல்யாணச் சமையல்காரர்களோடு போய்க் காய் நறுக்குகிற வேலை பார்த்தவர். அரிவாள்மணையில் உட்கார்ந்தால் பேச்சும் நிற்காது, கையும் நிற்காது. நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார்.

ஒரு மத்தியானம், மூட்டை மூட்டையாகக் கறுத்த தண்டைக் குழியில் கொட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, புளியாரைத் தண்ணில போட்டுப் பாக்கலாம்ல?"

புளியாரை தெரியுமா சார்? வாழைக்கு அடியில் தரையோடு படர்ந்து கிடக்கும். மூன்று மூன்று இலை, மஞ்சள் பூ. கடித்தால் புளிக்கும். களை என்று பிடுங்கி எறிவோம்.

"ஒரு கல்யாணத்துல பித்தளை அண்டாவைப் புளியாரை போட்டுத் தேச்சேன். கழுவுன தண்ணி ஒரு சட்டில கெடந்துச்சு. தண்டு நறுக்குனதுல ரெண்டு துண்டு அதுல வுழுந்துருக்கு. மக்யா நாள் பாக்குறேன், மத்ததெல்லாம் கரிக்கட்டை, அது மட்டும் வெள்ளையா நிக்குது. அப்பறம் எப்பவும் நல்ல தண்ணில புளியாரையைக் கொதிக்க வச்சு, ஆத்தி, அதுலதான் போடுவேன். மாஸ்டருக்கே தெரியாது. தங்கப்பொண்ணு நறுக்குனா மட்டும் கறுக்க மாட்டேங்குதே, கைராசிம்பாரு" என்று சிரித்தார்.

செய்து பார்த்தோம். நான்காவது நாளும் வெள்ளை. கசப்பு இல்லை, நாற்றம் இல்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அளவு பார்த்தது நான். எத்தனை கிராம் இலை, எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், எந்தச் சூட்டில் தண்டை இறக்க வேண்டும், எல்லாம் நோட்டுப் போட்டு மூன்று வாரம் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். அவர் கைப்பிடிக் கணக்கில் போட்டதை நான் கிராமுக்குக் கொண்டுவந்தேன். அதுவும் கண்டுபிடிப்புதான், இல்லையா? நீங்கள் தலையாட்ட வேண்டாம். நானே பல தடவை தலையாட்டிவிட்டேன்.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. திருச்சியில் பதினோரு கடை. அதற்கப்புறம்தான் பயம் வந்தது. காசு இல்லாதவனிடம் ஒரு யோசனை இருந்தால் அது படுத்துகிற பாடு இருக்கிறதே. மஸ்கட் நண்பன் போனில் சொன்னான், பேட்டன்ட் போடு என்று. அதற்கு ஆகிற செலவையும் வருஷங்களையும் கேட்டதும் விட்டுவிட்டேன். சரி, வெளியே சொல்லமாட்டோம் என்று வேலை செய்கிறவர்களிடம் எழுதி வாங்கு என்றான். வாங்கினேன். இங்கிலீஷில் இரண்டு பக்கம், முத்திரைத்தாளில். நாலு பேரும் போட்டார்கள். மாரிக்கண்ணு என்று ஒரு பெண், கையெழுத்துப் போட்டுவிட்டு, "சார், இதுல எங்க வூட்டை எழுதி வாங்கலைல்ல?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

வனஜாதான் சொன்னாள்: "புரியாத பேப்பருக்கு யாருங்க பயப்படுவா? கருப்பு கோயில்ல சூடம் அணைக்கச் சொல்லுங்க. செத்தாலும் வாயைத் திறக்க மாட்டாங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சாமி முன்னால் சூடம் ஏற்றி, சத்தியம் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைப்பது. நிலத் தகராறு, திருட்டு, ஸ்டேஷனில் தீராதது எல்லாம் அங்கே தீரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர்களுக்கு இருக்கிறது என்பதில் இருந்தது. யோசித்துப் பாருங்கள் சார், எனக்கு இல்லாத சாமியை அடுத்தவருக்குக் காவல் வைத்தேன். செலவில்லாத காவல்.

ஒரு வெள்ளிக்கிழமை அழைத்துப் போனேன். ஆற்றங்கரை ரோட்டில் அரசமரத்தடியில் கருப்பு. மாரிக்கண்ணு முதலில். "புருஷங்கிட்ட சொல்லலாமா சார்? அந்த ஆளு எதையும் காதுல வாங்கவே மாட்டாரு" என்றது. கூடாது என்றேன். மற்ற இரண்டு பேரும் அணைத்தார்கள். கடைசியில் தங்கப்பொண்ணு. சூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எனக்குத் தெரிஞ்சதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்னு நானே சத்தியம் பண்ணணுமா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஒரு முறைக்குத்தாங்க்கா" என்றேன்.

"எங்க வூட்டுல செஞ்சுக்கலாம்ல?"

அதற்கு நான் சரி என்று சொல்லியிருக்கலாம். வீட்டுச் சமையலில் எந்த வியாபாரம் போய்விடும்? "வேணாங்க்கா, யாராச்சும் பாத்தாத் தெரிஞ்சுருமே" என்றேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பட்டென்று அணைத்தார். அன்றைக்குத் திரும்பி வரும்போது என்னை சார் என்றார். நான் அதைக் கவனித்தேன். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் போயிருக்கும். முசிறி பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு பாக்கெட். வாழைத்தண்டு. என்னுடையது இல்லை, அக்கரையில் குளித்தலைப் பக்கம் ஒரு மகளிர் குழு போட்டது. வாங்கி வந்து மேஜையில் வைத்து மூன்று நாள் பார்த்தேன். வெள்ளை. நான்காவது நாளும் வெள்ளை. பிரித்து நாக்கில் வைத்தேன். புளியாரை.

தங்கப்பொண்ணின் அண்ணன் மகளைக் குளித்தலையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நடு ஷெட்டில், மற்ற மூன்று பேரையும் வைத்துக்கொண்டு அந்தப் பாக்கெட்டை அவர் அரிவாள்மணைக்கு முன்னால் போட்டேன். போட்டேன் என்றால், வீசினேன்.

"யாருக்குச் சொன்னீங்க?"

"சொல்லலைங்க சார்."

"குளித்தலைக்கு எப்பப் போனீங்க?"

"வைகாசித் திருவிழாவுக்குப் போனேன். சோறு தின்னேன், வந்தேன்."

"சும்மா சோறு திங்கத்தான் போனீங்களா?"

மாரிக்கண்ணு, "சார், விடுங்க, அவங்க அப்பிடியில்லை" என்றது. நான் அந்தப் பெண்ணையும் அதட்டினேன். பிறகு சொன்னேன், "வாங்க, இப்பவே கருப்பு கோயிலுக்குப் போவோம். இன்னொரு தடவை அணைங்க பாப்போம்."

அவர் அரிவாள்மணையை மடக்கிச் சாய்த்து வைத்தார். எழுந்து சேலையை உதறினார்.

"ஒருக்கா அணைச்ச கையி சார் இது. ரெண்டாந்தடவை அணைச்சா மொதத் தடவை அணைச்சது பொய்யின்னு ஆயிரும். அணைக்க மாட்டேன்."

போய்விட்டார். அணைக்கமாட்டேன் என்றதையே நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் சூடத்துக்குப் பின்வாங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடைத்தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. நானா சொன்னேன்? கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லவில்லை.

குழுவின் தலைவி அமுதவல்லி என்று கேள்விப்பட்டு, அடுத்த வாரம் பரிசல் துறை தாண்டி நேரே போய் நின்றேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன் என்று மிரட்டுவதாக ஏற்பாடு. அந்த அம்மா மோர் கொடுத்து உட்காரவைத்தார்.

"யாரும்மா உங்களுக்குச் சொன்னா?" என்றேன்.

"நீங்கதான்."

"நானா?"

உள்ளே போய் என் பாக்கெட்டையே எடுத்து வந்தார். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளே சேர்த்திருப்பதையெல்லாம் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும், சட்டம். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். எறும்பு எழுத்தில், புளியாரைக்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கிற தாவரவியல் பேரைப் போட்டிருந்தேன். அந்தப் பேர் கிடைக்க ஒருநாள் பூராவும் தேடினேன். தமிழில் போடாமல் தப்பித்துவிட்டோம் என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இரண்டு மொழி படித்தது இதற்காவது உதவிற்றே என்று நினைத்தேன்.

"எம் மருமக போன்ல அடிச்சுப் பாத்துச்சுங்க. படம் வந்துருச்சு. அட, இது நம்ம புளியாரைடின்னேன். வரப்புல கெடக்குற பூண்டுக்கு இங்கிலீசுல பேரு போட்டா மறைஞ்சுபோயிருமா? நீங்க வெளிநாட்டுல இருந்தவரு, உங்களுக்குத் தெரியாதா?"

மோரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா விடவில்லை.

"தங்கப்பொண்ணு உங்ககிட்ட வேலையை விட்டு நின்னுட்டாங்கன்னு கேள்விப்பட்டு நேத்துத்தான் ஆளு விட்டோம். வந்தாங்க. கைவேகம் பாத்து அசந்துட்டோம். எவ்வளவு எலை போடணும், நீ சொல்லுக்கா, எங்களுக்கு அளவு சரியா வரமாட்டேங்குதுன்னு கேட்டேன். 'புளியாரையா, அது என்னா எலை?'ங்கிறாங்க. காலுக்குக் கீழ கெடக்குது, காட்டுறோம், 'நான் பாத்ததே இல்லை'ங்கிறாங்க. கூடியிருந்த பொம்பளைங்க பூராம் சிரிச்சுட்டாங்க. என்னமோ பயித்தியம்னு ஒருத்தி சொல்லுறா. கேட்டுட்டு அப்பிடியே துணிப்பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எப்பிடிங்க வேலைக்கு வச்சுக்கிறது?"

நான் வைத்த காவல் சார். வேலை செய்கிறது.

திரும்பி வருகிற வழியில் தங்கப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மகன் வேலைக்குப் போயிருந்தான், மருமகள் இருந்தது. "வாங்க சார், ஒரு வாய் சாப்புடுங்க" என்று இலை போட்டார், நேற்றுவரை ஒன்றும் நடக்காத மாதிரி. சோறு, ரசம், வாழைத்தண்டுப் பொரியல். பொரியல் கறுப்பு. மருமகள், "அத்தை கைக்கு என்ன வந்துச்சோ, கொஞ்ச மாசமா இப்பிடித்தான் கறுத்துப்போவுது" என்று சொல்லிக்கொண்டே வைத்தது. அவர் ரசத்தை ஊற்றினார். நான் சாப்பிட்டேன். ருசி அப்படியேதான் இருந்தது.

சாப்பிட்டு முடித்து, "தப்பு நடந்துருச்சுக்கா" என்றேன். நான் செய்தேன் என்று சொல்லவில்லை. ஏதோ மழை வந்துவிட்டது, கரண்டு போய்விட்டது என்பது போல, நடந்துருச்சு.

"சரிங்க சார். சத்தியத்தை எடுத்து விட்டுருங்க, அது போதும்."

எடுத்து விடுவதற்கும் முறை இருக்கிறது. அதே சாமி, அதே சாட்சி. சத்தியம் வாங்கியவர் தன் கையால் சூடம் அணைத்து, இன்னதை இன்னாரிடம் நியாயமில்லாமல் வாங்கினேன், திருப்பித் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று பேர் முன்னால். மாரிக்கண்ணு முன்னால். "ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்றேங்க்கா" என்று கிளம்பிவிட்டேன்.

நான்கு மாதம் ஆயிற்று. ஆடி போய் ஆவணி வந்து, புரட்டாசி வந்து, ஐப்பசியும் வந்துவிட்டது. ஆடியில் கூடாது, ஆவணியில் ஆர்டர் அதிகம், புரட்டாசியில் வனஜாவுக்குக் காய்ச்சல். நீங்கள் கேட்காவிட்டாலும் தெரிகிறது, கையைச் சுடும் என்று பயமா என்று. அதுவும்தான். அதற்கு மேலேயும் ஒன்று இருக்கிறது. சத்தியம் போய்விட்டால் அவர் அக்கரைக்குப் போவார். அளவு சொல்லிக் கொடுப்பார். அவர்கள் சரக்கு இன்னும் நன்றாக வரும். இப்போது முசிறியிலும் குளித்தலையிலும் புளியாரைத் தண்ணீரைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். பேச முடியாத ஆள் அதைக் கண்டுபிடித்தவர்தான். அது எனக்கு வசதியாக இருந்தது. இதை இப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறேன். அங்கே வராத வார்த்தை இங்கே எப்படி வருகிறது பாருங்கள்.

பிறகுதான் இந்த யோசனை. இந்த வக்கீலம்மாவிடம் போனில் கேட்டபோது, பாக்கெட்டில் நீங்களே அச்சடித்து விற்றாயிற்று, இனி யோசனையைப் பாதுகாக்க வழியில்லை, பேரை வேண்டுமானால் பதிவு செய்யலாம் என்றார்கள். பேர்! அப்போது எனக்கு மனது நிறைந்துபோயிற்று சார். 'தங்கப்பொண்ணு வாழைத்தண்டு.' கடை கடையாக அவர் பேர். நான் பட்ட கடனுக்கு இதைவிட என்ன செய்ய முடியும்? வனஜாகூட, "நீங்க செய்யறது பெரிய மனசு" என்றாள். உயிரோடு இருக்கிறவர் பேர் என்பதால் அவர் சம்மதம் வேண்டும் என்று வக்கீலம்மா தாள் அனுப்பினார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கொண்டுபோனேன். விளக்கிச் சொன்னேன். பதிவு ஆகிவிட்டால் இந்தப் பேரில் வேறு யாரும் வாழைத்தண்டு விற்க முடியாது, நம்மைத் தவிர யாருமே முடியாது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தாளை வாங்கி, தலைகீழாக இல்லையே என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, எம் பேரையும் நான் வச்சுக்கக் கூடாதுங்களா சார்?"

நான் சிரித்தேன். கருப்பு கோயிலில் சிரித்த அதே சிரிப்பு, எனக்கே கேட்டது. அவர் சிரிக்கவில்லை. மருமகள்தான், "அத்தை, உம் பேரு பாக்கெட்டுல வருது, போடு" என்று பேனாவைத் திணித்தது. போட்டுக் கொடுத்தார். நல்ல நாள் பாத்தாச்சா என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் போன் போட்டால் எடுப்பதில்லை.

இதோ, கூப்பிடுகிறார்கள். சிவஞானம் என்றுதானே சொன்னார்கள்? நீங்கள் போங்கள் சார், நான் கொஞ்சம்... இல்லை, நில்லுங்கள். ஒரு நிமிஷம். கூப்பிடுகிற அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், வருகிறார் என்று. உங்கள் போனைத் தருகிறீர்களா? என் நம்பர் என்றால் எடுக்கமாட்டார். புது நம்பர் என்றால் யாரோ சமையலுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எடுப்பார். நீங்களே அடியுங்கள், நான் நம்பர் சொல்கிறேன். 

மணி போகிறதா? எடுத்தால், நாளைக்குக் காலையில் கருப்பு கோயிலுக்கு வரச் சொல்லுங்கள். மூன்று பேரையும் சிவஞானம் கூட்டிக்கொண்டு வருவான் என்று சொல்லுங்கள். சூடம் அவன் வாங்கி வருவான். வேறு ஒன்றும் வேண்டாம், அது போதும்.

எடுத்துவிட்டாரா?

யார் பேசுவது என்று கேட்கிறாரா... இல்லை சார், என்னிடம் நீட்டாதீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்.